கெளம்பு ஆத்தா, பசிக்குது

ஆப்பிரிக்காவில் நான் ஓட்டிப் பார்க்காத அரிசி மில் இல்லை.

பொய். ஆப்பிரிக்கா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. கடலையே ராமேஸ்வரத்தில் ஒரு தடவைதான் பார்த்தேன். காலை நனைக்கலாம் என்று இறங்கினேன், ஒரு செருப்பை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மற்றதையும் நானே எறிந்துவிட்டு வந்தேன், அதுவாவது ஜோடியாகப் போட்டுக்கொள்ளட்டும் என்று. அத்தோடு எனக்கும் கடலுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

எங்கள் புதுவயல் மில்காரர்கள் பழைய ஆட்களின் கதைகளைச் சேர்த்து ஒரு மலர் போடுகிறார்கள். இப்போது மில்லில் கேமரா வைத்து அரிசி பொறுக்குகிறார்கள். ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், கறுப்பு அரிசி தனியாகப் போய் விழுகிறது. அந்தப் பொத்தானை அமுக்குகிற பிள்ளைகள்தான் வந்து, "தாத்தா, அந்தக் காலத்துல நீங்க என்னதான் அமுக்குனீக?" என்று கேட்டார்கள். கால் அமுக்கினேன் என்று சொல்லத் தோன்றியது. அதுவும் உண்மைதான், மேஸ்திரிக்கு.

எனக்கு எழுதத் தெரியாது. வாத்தியார் என்னைக் கண்டுபிடிக்கிற வரைக்கும்தான் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். பாதி வார்த்தைகளை எடுத்துவிட்டாள். மில்லில் அந்தப் பாதியைத்தான் அதிகம் பேசுவோம்.

மில்லில் நான் சேர்ந்தபோது தொழில் கற்றுக்கொடுக்கிற முறை ரொம்ப எளிது. ஒரு பழைய துணியைக் கையில் கொடுப்பார்கள். எஞ்சினைத் துடைக்க வேண்டும். அது கிழிந்தால் வேறு துணி கொடுப்பார்கள். இப்படியே வருஷங்கள் ஓடும். என்றைக்காவது மேஸ்திரி மனம் இளகி ஒரு ஸ்பானரை நீட்டினால் அன்றைக்கு வீட்டில் பாயசம். எங்கள் வீட்டில் பாயசம் வைக்க ரொம்பக் காலம் ஆனது.

மேஸ்திரி பெயர் அருளப்பன். கிரீஸிலும் கரியிலும் நாங்கள் எருமை மாதிரிப் புரண்டு கிடப்போம், அவர் வெள்ளை வேட்டியில் வந்து வெள்ளை வேட்டியிலேயே திரும்பிப் போவார். அதில் ஒரு சொட்டு எண்ணெய் நான் பார்த்ததில்லை. எஞ்சினுக்குக் காய்ச்சல் என்றால் தொட மாட்டார். ஸ்க்ரூ டிரைவரின் முனையை பேரிங் மேல் வைப்பார், பிடியைக் காதில் வைப்பார், கண்ணை மூடிக்கொள்வார். நாங்கள் சுற்றி நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம். கண்ணைத் திறந்து ஒரு விரலால் ஓர் இடத்தைக் காட்டுவார். அங்கே அவிழ்த்தால் நோய் இருக்கும். கோபம் வந்தால் திட்டமாட்டார், வாயிலிருக்கிற வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பேசாமல் நிற்பார். அந்தப் பேசாமைக்குப் பயந்து நான் ஒருமுறை உமிக் குவியலுக்குள் ஒளிந்திருக்கிறேன். தும்மல் காட்டிக்கொடுத்துவிட்டது.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. எஞ்சின்காரன் களத்தில் காய்கிற நெல்லைத் தொடக்கூடாது, களத்து ஆள் எஞ்சினைத் தொடக்கூடாது. ஓடுகிற எஞ்சினை யாருமே அவிழ்க்கக்கூடாது.

இன்னொரு வழக்கம் மில்லுக்கே பொது. காலையில் எஞ்சின் பிடிக்கிற வரைக்கும் யாரும் கஞ்சி குடிக்கக்கூடாது. ஹேண்டிலை ரெண்டு ஆள் சேர்ந்து சுற்ற வேண்டும். குளிர் நாளில் அது எங்கள் வீட்டு மாடு மாதிரி, நினைத்தால்தான் எழுந்திருக்கும். நான் பசி தாங்காதவன். அதனால் சுற்றுவதற்கு முன்னால் எஞ்சினின் முதுகில் ரெண்டு தட்டுத் தட்டி, "கெளம்பு ஆத்தா, பசிக்குது" என்பேன். பிடித்துவிட்டால் என் வாக்கு பலித்தது என்று பீற்றிக்கொள்வேன். பிடிக்காவிட்டால் கூட ஹேண்டில் சுற்றியவன்மேல் பழி.

இப்படி இருக்கும்போதுதான், அறுபதுகளின் கடைசியில், ஜுமா வந்தான். தான்சானியா என்று ஒரு நாடு. அங்கே ஆற்றோரத்தில் ஒரு கிராமம், நெல் விளைகிற கிராமம். அவர்கள் நாட்டுச் சர்க்காரும் நம் சர்க்காரும் பேசி, கொஞ்சம் பேரை இங்கே தொழில் படிக்க அனுப்பினார்கள். மெட்ராஸில் கொஞ்ச நாள் வகுப்பு, அப்புறம் ஒரு மில்லில் கைப்பழக்கம். எங்கள் முதலாளிக்கு ரங்கூனில் இருந்த பழக்கத்தில் இங்கிலீஷ் வரும், அதனால் ஒருவனை எங்கள் மில்லுக்கு வாங்கிவிட்டார். பள்ளிவாசல் தெருவில் ஒரு ராவுத்தர் வீட்டில் தங்கினான். ஜுமா என்றால் வெள்ளிக்கிழமை பிறந்தவன் என்று தெரிந்ததும் அந்தத் தெருவே அவனுக்குச் சோறு போட்டது.

நெடுநெடுவென்று என்னைவிட ஒரு சாண் உயரம். வயது என் வயதுதான் இருக்கும். வந்த முதல் நாளே மேஸ்திரி அவன் கையிலும் ஒரு பழைய துணியைக் கொடுத்தார்.

அவன் துணியைப் பார்த்தான், எஞ்சினைப் பார்த்தான், முதலாளியிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டான். முதலாளி மேஸ்திரியிடம் திரும்பினார்.

"மேஸ்திரி, எஞ்சினை எப்ப அவிழ்த்துக் காட்டுவீகன்னு கேக்குறான்."

"மொதல்ல கண்ணு பாக்கட்டும் முதலாளி. கை அப்பறம்."

"அதான் எப்ப?"

"ரெண்டு அறுப்பு கழியட்டும்."

ஜுமா சித்திரையில் கப்பல் ஏற வேண்டியவன். அப்போது கார்த்திகை.

அன்றைக்கு சாயங்காலம் முதலாளி அவனை உட்கார வைத்து விசாரித்து, எங்களுக்குத் தமிழில் சொன்னார். அவன் கிராமத்தில் எளந்தாரிகள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒன்றுசேர்ந்து காட்டை வெட்டி ஒரு கொட்டகை போட்டிருக்கிறார்கள். ஒரு சின்ன எஞ்சினும் நெல் அரைக்கிற ஹல்லர் மெஷினும் கப்பலில் வரப்போகிறது. அதுவரை அந்த ஊரில் நெல் என்றால் பெண்கள் உலக்கையில் குத்துவதுதான். பையன்களுக்கு அறுப்பு முடிந்தால் வேலை இல்லை. கற்றாழை நார்த் தோட்டத்துக்குக் கூலியாகப் போவார்கள். போனவர்கள் பாதிப் பேர் திரும்புவதில்லை. மில் ஓடினால் அத்தனை பேருக்கும் ஊரிலேயே வேலை. எஞ்சின் நின்றால் பக்கத்தில் மெக்கானிக் கிடையாது, எத்தனையோ நாள் நடை. ஜுமா தனியாக அவிழ்த்துப் பூட்டத் தெரிந்துகொண்டு போகாவிட்டால் அந்த எஞ்சின் கோழி அடையத்தான் ஆகும்.

கேட்டு நான்கூட கொஞ்ச நேரம் சிரிக்கவில்லை. எங்கள் பக்கமும் அதே கதைதானே. அறுப்பு முடிந்தால் எளந்தாரி எல்லாம் பர்மா, மலேயா. என் அண்ணன் ரங்கூன் போனான், ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தான். பெட்டி காலி. பூட்டு மட்டும் நல்ல பூட்டு.

ஆனால் மேஸ்திரி இறங்கவில்லை. "சீசன்ல எஞ்சின நிறுத்திக் காட்ட முடியாது முதலாளி. ஒரு நாள் நின்னா களத்துல நெல்லு புளிச்சுப் போகும்." அதுவும் நியாயம்தான்.

ஜுமா துடைத்தான். தை போனது, மாசி வந்தது. அதற்குள் தமிழ் பேச ஆரம்பித்துவிட்டான். களத்தில் நெல் காய வைக்கிற பெண்களிடம் கற்ற தமிழ், அவர்கள் அவனிடம் மரியாதையாகப் பேசுவார்கள், அதனால் அவனுக்கு மரியாதைத் தமிழ் மட்டும்தான் வரும். "கருப்பையா, நாய் வாராக, கஞ்சிய மூடுங்க" என்பான். எங்கள் வீட்டில்கூட என்னிடம் அப்படி ஒருவரும் மரியாதை கொடுத்துப் பேசியதில்லை.

ஆனால் துடைத்துக்கொண்டே தன் கையைப் பார்ப்பான், நாள் போகிறதே என்கிற மாதிரி. ராத்திரி தூங்குகிறானா என்று ராவுத்தர் வீட்டில் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள்.

ஒரு நாள் டீக் கடையில் உட்கார்ந்திருக்கும்போது விளையாட்டாகத்தான் சொன்னேன். "ஏன்ப்பா ஜுமா, உசுரோட இருக்குற மாட்டத்தானே அறுக்க விடமாட்டேங்குறாக? அங்குட்டு ஒரு செத்த மாடு கெடக்குல்ல?"

மில்லுக்குப் பின்னால், உமிக் குவியலுக்கு அங்குட்டு, ஒரு பழைய சின்ன எஞ்சின் கிடந்தது. துருப்பிடித்து இறுகிப்போய், மேலே கோழி முட்டை இட்டுக்கொண்டிருந்தது. ஜுமா டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். நான் ரெண்டு டீயையும் குடித்துவிட்டுப் பின்னால் போனேன்.

மேஸ்திரியிடம் கேட்டோம். நான் கேட்கவில்லை, ஜுமாவை முன்னால் தள்ளிவிட்டு அவன் முதுகுக்குப் பின்னால் நின்றேன். உயரமான சிநேகிதன் இருந்தால் அது ஒரு வசதி.

மேஸ்திரி வெற்றிலையைத் துப்பினார். நான் உமிக் குவியல் எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டேன்.

"செத்தத என்ன வேணாச் செய்யி. என் ஸ்பானரத் தொடாத."

லாரி டிரைவர்களிடம் ஸ்பானர் இரவல் வாங்கினோம். கோழியை அனுப்பினோம். அது கடைசிவரை என்னை மன்னிக்கவில்லை. பிஸ்டன் துருவில் ஒட்டிப்போயிருந்தது. மண்ணெண்ணெயை ஊற்றி ஊற வைத்து, நாள்தோறும் ஒரு மரக்கட்டையை வைத்துத் தட்டினோம். ஒரு நாள் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது, பிரசவம் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

எடுத்த சாமானை எங்கே வைப்பது? ஜுமா களத்தின் மூலையில் சாக்கை விரித்தான். ஒவ்வொன்றையும் எடுத்த வரிசையில் வைத்து, அதைச் சுற்றிச் சுண்ணாம்பால் கோடு போட்டான். இந்தக் கட்டத்துக்குள் இந்த நட்டு, இந்த வட்டத்துக்குள் இந்த வால்வு. சாக்கில் இடம் போதாமல் கோடு சிமெண்டுத் தரையில் பரவியது. களத்துத் தலைவி செல்லாயி வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏண்டா கருப்பையா, என் களத்துல என்னடா கோலம்?"

"எஞ்சின் கோலம் அக்கா."

"பொங்கலு போயி எம்புட்டு நாளாச்சு! அழிச்சுட்டு நெல்லக் கொட்டுங்கடி!"

"அக்கா, அழிக்காதீக" என்றான் ஜுமா. "இதுதான் என் பள்ளிக்கூடம்."

அவள் முறைத்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் பார்த்தால் நெல்லை அந்த மூலையைச் சுற்றி விட்டுக் காய வைத்திருந்தாள். காலால் நெல் கிளறிக்கொண்டு போகிற பெண்கள் எல்லோரும் அந்தக் கோலத்தை ஒதுங்கியே போனார்கள். ஒருத்தி என்னிடம் ஒரு நட்டைக் காட்டி, "இது நேத்து அங்குட்டுல்ல இருந்துச்சு?" என்றாள். பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. நான்தான் முந்தின நாள் காலால் தட்டி விட்டிருந்தேன். காற்று தள்ளியிருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

பங்குனியில் ஒரு மதியம். வெயில் கொளுத்துகிறது. செல்லாயி திடீரென்று முந்தானை நுனியைத் தூக்கிக் காற்றில் பிடித்தாள். அது மேற்கே பறந்தது, காற்று திசை மாறியிருந்தது.

"மழை வருது! அள்ளுங்கடி!"

அவித்த நெல் காய்கிறபோது நனைந்தால் முடிந்தது, நாற்றம் எடுத்து மாட்டுக்குக்கூட ஆகாது. அந்தக் குரல் கேட்டால் மில்லில் யார் எந்த வேலையில் இருந்தாலும் களத்துக்கு ஓடி வர வேண்டும். முதலாளிகூடச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வருவார். எஞ்சின்காரர்கள் மட்டும் வரமாட்டார்கள். மேஸ்திரி சட்டம்.

தூரல் விழ ஆரம்பித்துவிட்டது. எஞ்சின் சாமான் அத்தனையும் மூலையில் பரந்து கிடந்தது. சின்னச் சின்ன நட்டு, ஸ்பிரிங், டீசலைப் பீச்சுகிற ஊசி மாதிரி நாசில். மழைத் தண்ணீர் அந்த மூலை வழியாகத்தான் சாக்கடைக்கு ஓடும்.

ஜுமா நின்ற இடத்திலிருந்து ஒருமுறை மூலையைப் பார்த்தான். அப்புறம் திரும்பி நெல்லுக்குள் ஓடினான். நெல்லைக் குவிக்கிற தள்ளு பலகையைப் பிடித்தான். நாலு பெண்கள் இழுக்கிற பலகையை ஒற்றை ஆளாகத் தள்ளினான். குவித்த நெல்மேல் தார்ப்பாயை இழுத்துப் போட்டான். சட்டமாவது கிட்டமாவது என்று நானும் ஓடினேன். ஓடி வழுக்கி நெல்லுக்குள்ளேயே விழுந்து, என்னையும் சேர்த்துத் தள்ளிக் குவித்துவிட்டார்கள்.

நெல்லுக்குள்ளிருந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். களத்து மூலையில், கொட்டுகிற மழையில், மேஸ்திரி. வேட்டியை மடித்துத் தூக்கி மடியாகப் பிடித்துக்கொண்டு, குனிந்து ஒவ்வொரு சாமானாகப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார். எண்ணெய் கறுப்பாக வேட்டியில் வழிகிறது. சாக்கடையை நோக்கி உருண்ட ஒரு ஸ்பிரிங்கைக் காலால் மறித்தார். எஞ்சின் கோலம் வெள்ளைத் தண்ணீராகக் கரைந்து அவர் காலடியில் ஓடியது.

மழை நின்றதும் ஜுமா ஓடி வந்தான். மூலை கழுவி விட்ட மாதிரி இருந்தது. மேஸ்திரி மடியோடு நின்றார்.

"ஏன், ஒன் சாமான எடுக்காம அங்குட்டு ஓடுன?"

ஜுமாவுக்கு மூச்சு வாங்கியது. "நெல்லு நனைஞ்சா வீணாப் போகும் மேஸ்திரி. இரும்பத் தொடச்சுக்கலாம்."

"தொடச்சாப் போயிருமா?" மேஸ்திரி தன் வேட்டியைக் காட்டினார். "இதுக்குப் பதில் சொல்லு."

செல்லாயி முதலில் சிரித்தாள். அப்புறம் களமே சிரித்தது. மேஸ்திரி மடியிலிருந்ததை ஒரு சாக்கில் மொத்தமாகக் கொட்டினார். கோடு இல்லை, கட்டம் இல்லை, எல்லாம் ஒரே குவியல். தன் பெட்டியைத் திறந்து ஸ்பானர்களை அதன் பக்கத்தில் வைத்தார். நான் பல வருஷம் துணியோடு காத்திருந்த பெட்டி அது.

"பூட்டு, பாப்பம்."

மறுநாள் காலையில் ஜுமா ஆரம்பித்தான். குவியலிலிருந்து அவன் எடுத்த வரிசையில் ஒரு தயக்கம் இல்லை. பிஸ்டனில் ரிங் மாட்டும்போது ஒரு ரிங்கின் வாய் அடுத்த ரிங்கின் வாய்க்கு நேராக வராமல் திருப்பி வைத்தான், நேராக வந்தால் காற்று கசியும். நாசிலைக் கையில் பிடித்து டீசலை அடித்துப் பார்த்தான். இஸ்திரிக்காரர் வாயில் தண்ணீர் வைத்து ஊதுகிற மாதிரிப் புகையாக வரவேண்டும். வந்தது. மேஸ்திரி எதிரே முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு இடத்தில் வாயைத் திறந்தார், "இறுக்கிக் கொல்லாத" என்று. நான் என்ன செய்தேன்? துணி வைத்திருந்தேன்.

சாயங்காலம் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினான். பிடிக்கவில்லை. டீசல் குழாயில் காற்றை எடுத்துவிட்டு மறுபடி சுற்றினான். இருமியது, நின்றுவிட்டது. களத்துப் பெண்கள், முதலாளி, லாரி டிரைவர்கள் எல்லோரும் சுற்றி நிற்கிறார்கள். ஜுமா வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"கருப்பையா, நீங்க இன்னும் சொல்லலையே."

"நான் என்னத்தச் சொல்ல?"

"ஆத்தா சொல்லலை."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை மாதம் என்னைப் பார்த்து அதையும் ஒரு வேலைமுறை என்று நினைத்திருக்கிறான். எண்ணெய் பார், சுற்ற இலகுவாக இருக்க லிவரைத் தூக்கு, முதுகில் தட்டு, சொல்லு, சுற்று. மேஸ்திரி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏண்டா, இதையுமாடா சொல்லிக் குடுத்த?"

"நானா சொல்லிக் குடுத்தேன்? அவுகளா எடுத்துக்கிட்டாக."

"சொல்லித் தொலை."

எஞ்சின் முதுகில் ரெண்டு தட்டுத் தட்டினேன். "கெளம்பு ஆத்தா, பசிக்குது." ஜுமா முழு உடம்பையும் போட்டுச் சுற்றி லிவரை விட்டான். ஒரு தும்மல், ரெண்டு தும்மல். மூன்றாவதில் பிடித்தது. கோழி இருந்த இடத்திலிருந்து கறுப்புப் புகை வந்து, அப்புறம் வெளுத்து, டக் டக் டக் என்று ஓடியது. மேஸ்திரி ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து காதில் வைத்துக் கண்ணை மூடினார். எந்த இடத்தையும் விரலால் காட்டவில்லை. ஸ்க்ரூ டிரைவரை ஜுமா கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதைத்தான் அவன் ஊருக்குக் கொண்டுபோனான்.

அதற்கப்புறம் மேஸ்திரி சட்டத்தில் ஒரு ஓட்டை விழுந்தது. அந்தச் செத்த எஞ்சினை விற்கவிடவில்லை. "அது அவுத்துப் பூட்டுறதுக்கு" என்றார். கண்டனூர் பக்கத்திலிருந்து, நாட்டரசன்கோட்டையிலிருந்து எல்லாம் வேலை இல்லாத எளந்தாரிகள் வந்து, களத்து மூலையில் சுண்ணாம்புக் கோடு போட்டு அதை அவிழ்த்தார்கள், பூட்டினார்கள். துணி மட்டும் பிடித்தவர்கள் என் காலத்தோடு சரி. இன்றைக்குக் காரைக்குடியில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறவர்களில் சிலபேர் அந்த எஞ்சினிடம்தான் அடி வாங்கியவர்கள். நான் யாரையும் பயிற்றவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். அதிலும் பாதி நானே குடித்தேன்.

எழுபதுகளில், மேஸ்திரி கம்பு ஊன்றி வருகிற காலத்தில், அதே நாட்டிலிருந்து இன்னொரு ஆள் வந்தது. ஒரு பெண். நேமா என்று பேர். எங்கள் மில்லில் ஆள் ஆளுக்குப் பார்த்துக்கொண்டோம். செல்லாயிதான் கேட்டாள், "ஹேண்டிலு சுத்த பொம்பளப் புள்ளையா?" முதலாளி விசாரித்துச் சொன்னார். ஜுமா ஊர்தான். மில் ஓடுகிறது. உலக்கை குத்தின கைகள்தானே முதலில் ஓய்ந்தன, அதனால் முதலில் வந்து எஞ்சின் படித்தவர்கள் பெண்கள்தானாம். தோட்டத்துக்குப் போன பையன்களில் கொஞ்சம் பேர் திரும்பி வந்து அவர்களிடம் படிக்கிறார்களாம். பக்கத்து ஊருக்கும் ஒரு மெஷின் வரப்போகிறது, அதற்குத்தான் இந்தப் பெண்.

மேஸ்திரி கம்பால் அந்தப் பழைய எஞ்சினைக் காட்டினார். தெரிந்ததைச் செய்து காட்டு என்று.

அந்தப் பெண் முதலில் துணியை எடுத்துத் துடைத்தாள். எண்ணெய் பார்த்தாள். லிவரைத் தூக்கினாள். ஹேண்டிலைப் போட்டாள். அப்புறம் எஞ்சின் முதுகில் ரெண்டு தட்டுத் தட்டி, வேதம் சொல்கிற மாதிரி நிமிர்ந்து நின்று, தமிழில் சொன்னாள்:

"கெளம்பு ஆத்தா, பசிக்குது."

மேஸ்திரி கம்பை விட்டுவிட்டார். கீழே விழுந்ததை எடுக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு. முதலாளி அவளிடம் கேட்டார், அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியுமா என்று. தெரியாதாம். அவர்கள் ஊரில் யாருக்குமே தெரியாதாம். ஆனால் அதைச் சொல்லாமல் சுற்ற வந்தால் ஜுமா ஹேண்டிலைத் தரமாட்டாராம். சட்டமாம்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணும் பார்த்தாள், கண்ணை விரித்துக்கொண்டு, இவர்தானா அந்த ஆள் என்கிற மாதிரி. ஒரு ஊரே தினம் காலையில் சொல்கிற வாக்கு. அதற்கு நான் என்ன அர்த்தம் சொல்வது? தொண்டையைச் செருமிக்கொண்டு, அம்மா, அது வந்து ஒரு பழைய காலத்து...

இரும்மா, எழுதாதே. அடுப்படியிலிருந்து உங்கம்மா கூப்பிடுகிறாள். முதல் தடவை நான் கேட்காத மாதிரி இருந்தேன், ரெண்டாம் தடவை நீ கேட்காத மாதிரி இருந்தாய். இப்போது நேரிலேயே வந்துவிட்டாள். வந்து முதுகில் தட்டுகிறாள், ரெண்டு தட்டு.

"எம்புட்டு நேரமாக் கத்துறேன்? கெளம்புங்க, பசிக்குது."